ஆய்வு நேர்மை

ஆய்வு நேர்மை என்பது, அறிவியல் ஆய்வில் ஈடுபடுவோர் தாம் செய்த சோதனையையும் அதில் கண்டதையும் உள்ளது உள்ளபடி பதிவுசெய்து, பிறர் சரிபார்க்கத்தக்க வகையில் வெளியிடும் ஒழுக்கத்தைக் குறிக்கும். ஆய்வறம் என்ற சொல்லும் இதே பொருளில் வழங்குகிறது. ஆனால் ஆய்வறம் சற்று விரிந்த சொல். மனிதர்கள் மீதும் விலங்குகள் மீதும் சோதனை செய்யும்போது காக்க வேண்டிய நெறிகளும் அதில் அடங்கும். இக்கட்டுரை நேர்மை என்னும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

ஓர் ஆய்வுக்கட்டுரையைப் படிப்பவர் அந்தச் சோதனை நடந்தபோது அங்கே இருந்ததில்லை. கருவியையும் மாதிரிப் பொருளையும் அவர் பார்த்ததில்லை. கட்டுரையில் உள்ள வரைபடங்களையும் எண்களையும் நம்பித்தான் அவர் தன் அடுத்த சோதனையைத் தொடங்குகிறார். அந்த நம்பிக்கை குருட்டு நம்பிக்கை ஆகாமல் இருப்பதற்கு ஒரே வழி, கேட்டால் எடுத்துக்காட்டக்கூடிய சான்று ஆய்வாளரிடம் இருப்பதுதான். ஆகவே ஆய்வு நேர்மையைத் தனிமனிதரின் நற்குணமாக மட்டும் பார்த்தால் போதாது. குறிப்பேடு, மூலத்தரவு, மாதிரி, கேள்வி கேட்கும் சக ஆய்வாளர் ஆகிய நான்கும் இருக்கும் இடத்தில் அது வாழ்கிறது. இவை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு யான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளரின் கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வரையறை

ஆய்வு முறைகேடு என்ற சொல்லுக்குப் பல நாடுகளும் ஏறத்தாழ ஒரே வரையறையைக் கையாள்கின்றன. அமெரிக்கக் கூட்டரசு 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட கொள்கை மூன்று செயல்களை முறைகேடு என்கிறது. முதலாவது புனைதல்: செய்யாத சோதனைக்குத் தரவை உண்டாக்குவது. இரண்டாவது திரித்தல்: செய்த சோதனையின் தரவை மாற்றுவது, அல்லது பொருந்தாததை மறைத்துவிடுவது. மூன்றாவது கருத்துத்திருட்டு: பிறருடைய எழுத்தையோ கருத்தையோ முடிவையோ அவர் பெயரைச் சொல்லாமல் தன்னுடையதாகக் காட்டுவது.

நேர்மையான பிழையும் கருத்து வேறுபாடும் முறைகேடு ஆகா என்று அதே கொள்கை தெளிவாகச் சொல்கிறது. மாணவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஓர் அளவீடு தவறாகப் போகலாம். ஒரு கணக்கு பிசகலாம். நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவைப் பத்தாண்டு கழித்து வேறொருவர் தவறு என்று காட்டலாம். அறிவியல் நடக்கும் வழியே அதுதான். தவறிப்போனதற்கும் ஏமாற்றியதற்கும் உள்ள வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விசாரணைக் குழுக்களுக்கு முன் எப்போதும் நிற்கும் கேள்வி. மனத்தில் என்ன நினைத்தார் என்பதை யாராலும் பார்க்க முடியாது. எழுதி வைத்ததைப் பார்க்கலாம்.

ஷோனின் எழுச்சி

1970இல் பிறந்த ஷோன், ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1997இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மர்ரி ஹில்லில் உள்ள பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். டிரான்சிஸ்டர் பிறந்த இடம் அது. அப்போது லூசன்ட் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் கீழ் இயங்கி வந்தது. ஷோனின் குழுத் தலைவர் பெர்ட்ராம் பாட்லாக், மீக்கடத்திகள் துறையில் பெயர் பெற்றவர். கிறிஸ்டியன் குளோக் என்பவர் தூய கரிமப் படிகங்களை வளர்த்துக் கொடுத்தார். அவற்றின் மேல் மெல்லிய அலுமினியம் ஆக்சைடு படலத்தைப் பூசி, மின்முனை பொருத்தி, அளந்து பார்ப்பது ஷோனின் வேலை.

கரிமப் பொருள்கள் பொதுவாக மின்சாரத்தை நன்கு கடத்தாதவை. ஷோனின் கட்டுரைகளிலோ அவை எல்லாமாகவும் மாறின. டிரான்சிஸ்டர் ஆயின, லேசர் ஆயின, மீக்கடத்தியும் ஆயின. அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோல் சேர்ந்த ஃபுல்லரின் படிகம் 117 கெல்வின் வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாகிறது என்று 2001இல் அறிவித்தார். திரவ நைட்ரஜன் கொதிக்கும் 77 கெல்வினைவிட இது மிக அதிகம் என்பதால், மலிவாகக் குளிரூட்டிப் பயன்படுத்தலாம் என்ற ஆசை பிறந்தது. அதே ஆண்டு, ஒற்றை மூலக்கூறு அளவிலான டிரான்சிஸ்டரைச் செய்துவிட்டதாகவும் நேச்சர் இதழில் எழுதினார். சிலிக்கானுக்கு அடுத்த காலம் வந்துவிட்டது என்று பேச்சு எழுந்தது. நோபல் பரிசு வரும் என்றார்கள்.

2001ஆம் ஆண்டில் சராசரியாக எட்டு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் பெயர் தாங்கிய கட்டுரைகள் வந்தன. நுட்பமான சோதனை ஒன்றைச் செய்து, அளந்து, சரிபார்த்து, எழுதி முடிக்க ஒரு குழுவுக்குப் பல மாதங்கள் ஆகும் என்பது ஆய்வகத்தில் நின்று வேலை செய்த எவருக்கும் தெரியும். ஆனால் அந்த வேகம் அப்போது ஐயத்தை எழுப்பவில்லை. பாராட்டைத்தான் பெற்றுத் தந்தது.

வேறு ஆய்வகங்களில் நடந்தது

பல நாடுகளில் ஆய்வுக்குழுக்கள் ஷோனின் சோதனைகளைத் திரும்பச் செய்ய முயன்றன. யாருக்கும் கைகூடவில்லை. பூச்சுப் படலம் மின்னழுத்தம் தாங்காமல் உடைந்தது, படிகம் கெட்டது. தங்கள் கைத்திறனில்தான் குறை என்று பலர் எண்ணிக்கொண்டனர். ஷோன் தம் மாதிரிகளுக்குக் கான்ஸ்டன்ஸில் தாம் முன்பு படித்த ஆய்வகத்தின் பழைய கருவியில் பூச்சு போடுவதாகச் சொல்லி வந்தார். அந்தக் கருவிக்கு மட்டும் ஏதோ ராசி இருப்பதுபோல் ஒரு பேச்சும் உலவியது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர்கள் அந்தக் குழுக்களில் இருந்த முனைவர் பட்ட மாணவர்களும் பட்டத்துக்குப் பிந்தைய இளம் ஆய்வாளர்களும்தான். முனைவர் பட்ட உதவித்தொகை சில ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். அதற்குள் ஏதாவது முடிவு காட்டியாக வேண்டும். இல்லாத ஒன்றைத் திரும்பச் செய்யச் சொல்லி ஒரு மாணவரை உட்கார வைத்தால், அவர் எவ்வளவு திறமையாக உழைத்தாலும் கையில் எதுவும் மிஞ்சாது. தோற்றுப்போன சோதனையைக் கட்டுரையாக வெளியிடுவதும் எளிதன்று. முறைகேட்டுக்கு ஆளானவர்கள் யார் என்று கேட்டால் ஆய்விதழ்களையும் நிறுவனத்தின் நற்பெயரையும்தான் முதலில் சொல்வார்கள். என் கணக்கில் முதலிடம் இந்த மாணவர்களுக்கே.

இரைச்சல் காட்டிக்கொடுத்தது

எந்த மின் அளவீட்டிலும் சிறு நடுக்கம் இருக்கும். வரைபடத்தின் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது மேலும் கீழுமாகத் துடிப்பது தெரியும். இதை இயற்பியலில் இரைச்சல் என்பார்கள். ஒருவர் தம் கையெழுத்தை இரண்டு முறை போட்டால் இரண்டும் ஒத்திருக்கும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும்போது ஒரு கோடுகூட விலகாமல் பொருந்தினால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று வரையப்பட்டது என்று வங்கி ஊழியர்கூடச் சொல்லிவிடுவார். இரைச்சலும் அப்படித்தான். ஒரே கருவியில் ஒரே மாதிரியை உடனே மறுபடி அளந்தாலும் அதே நடுக்கம் திரும்ப வராது.

2002ஆம் ஆண்டில், அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த லிடியா சோன் என்ற இயற்பியலாளர், ஷோனின் இரண்டு வரைபடங்களில் இரைச்சல் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதைக் கண்டார். அவை வெவ்வேறு வெப்பநிலைகளில் செய்த இரு சோதனைகள் என்று கட்டுரைகள் கூறின. தவறான வரைபடத்தைக் கவனக்குறைவாக அனுப்பிவிட்டதாக ஷோன் விளக்கம் தந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பால் மெக்யூவன் மேலும் தேடி, அதே இரைச்சல் மூன்றாவது கட்டுரையிலும் இருப்பதைக் காட்டினார். ஒருமுறை நடந்தால் கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். மூன்றாவது முறைக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, இக்கட்டுரைகள் அனைத்தும் சக ஆய்வாளர் மதிப்பாய்வைத் தாண்டி வந்தவை என்பது. மதிப்பாய்வாளர் கட்டுரையின் வாதத்தையும் முறையையும் பார்ப்பார். எதிரில் உள்ளவர் பொய் சொல்கிறார் என்ற எண்ணத்தோடு படிக்க மாட்டார். மூலத்தரவும் அவர் கைக்கு வருவதில்லை. திறமையான புனைவைப் பிடிக்க மதிப்பாய்வு உதவும் என்று எதிர்பார்ப்பது, வீட்டு வாசலில் போட்ட கோலம் திருடனைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது.

பீஸ்லி குழுவின் விசாரணை

பெல் ஆய்வகம் 2002 மே மாதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மால்கம் பீஸ்லி தலைமையில் ஐவர் குழு ஒன்றை அமைத்தது. நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் குரோமரும், பர்டூ பல்கலைக்கழகத்தின் சுப்ரியோ தத்தாவும் அதில் இருந்தனர். குழுவின் அறிக்கை அதே ஆண்டு செப்டம்பரில் வெளியானது. நிறுவனம் அதை மறைக்காமல் முழுமையாக வெளியிட்டது. அதற்காக அந்நிறுவனத்தைப் பாராட்டலாம்.

குழு முதலில் கேட்டது மூலத்தரவை. இல்லை என்றார் ஷோன். கணினியில் இடம் போதாததால் கோப்புகளை அழித்துவிட்டதாகச் சொன்னார். ஆய்வுக் குறிப்பேடு முறையாக எழுதப்படவில்லை. மாதிரிகள் தூக்கி எறியப்பட்டிருந்தன, அல்லது சரிசெய்ய முடியாதபடி சேதமடைந்திருந்தன. கைவசம் இருந்தவை, கட்டுரைக்காகச் சீராக்கப்பட்ட தரவுக் கோப்புகள் மட்டுமே.

அவற்றைக் கொண்டே குழு மூன்று வகையான குறைகளை ஆராய்ந்தது. ஒரு சோதனையின் தரவு மற்றொன்றின் தரவாகக் காட்டப்பட்டது முதல் வகை. நம்ப முடியாத அளவு துல்லியம் இரண்டாம் வகை: உண்மை அளவீடு ஒருபோதும் அவ்வளவு ஒழுங்காக வராது. அறியப்பட்ட இயற்பியலோடு முரண்படும் முடிவுகள் மூன்றாம் வகை. சில வளைகோடுகள் அளவீட்டிலிருந்து வராமல் நேரே சமன்பாட்டிலிருந்து வரையப்பட்டவை என்பதும் தெரியவந்தது. பரிசீலித்த 24 குற்றச்சாட்டுகளில் 16இல் முறைகேடு நடந்ததாகக் குழு முடிவு செய்தது. மீதி எட்டில் இரண்டு, வெளியான கட்டுரைகளோடு தொடர்பற்றவை. ஆறு கவலைக்குரியவை என்றாலும் உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டது.

தவறுகள் நேர்ந்ததை ஷோன் ஒப்புக்கொண்டார். ஆனால் தாம் கண்ட விளைவுகள் உண்மையானவை என்றே கூறினார். அறிக்கை வந்த உடனே பெல் ஆய்வகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. சயின்ஸ் இதழில் வந்த எட்டுக் கட்டுரைகள் அதே ஆண்டிலும், நேச்சரில் வந்த ஏழு கட்டுரைகள் 2003 மார்ச்சிலும் திரும்பப் பெறப்பட்டன.

ஷோன் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். சோதனையைச் செய்தேன், விளைவைக் கண்டேன், காட்ட ஒன்றும் இல்லை என்ற நிலையில் ஓர் உண்மையான ஆய்வாளரையும் யாராலும் காப்பாற்ற முடியாது. குறிப்பேடு பிறரின் ஐயத்துக்கு விடை சொல்வதோடு, எழுதியவருக்கே பாதுகாப்பாகவும் நிற்கிறது.

இணை ஆசிரியர்களின் பொறுப்பு

ஷோனின் கட்டுரைகளில் இருபது பேர்வரை இணை ஆசிரியர்களாக இருந்தனர். அவர்கள் யாரும் முறைகேட்டில் ஈடுபடவில்லை என்று குழு கூறியது. வியப்பூட்டும் உண்மை என்னவென்றால், முக்கியமான அளவீடுகள் எதையும் ஷோனைத் தவிர வேறு யாரும் நேரில் பார்க்கவில்லை. படிகம் வளர்த்தவர் படிகத்துக்குப் பொறுப்பு. விளக்கம் எழுத உதவியவர் விளக்கத்துக்குப் பொறுப்பு. நடுவில் இருந்த அளவீட்டை ஒருவர் மட்டுமே அறிவார். மூத்தவரான பாட்லாக் போதிய அளவு கேள்வி கேட்டாரா என்ற ஐயத்தை அறிக்கை எழுப்பியது. ஆனால் இணை ஆசிரியரின் கடமை எதுவரை என்பதில் அறிவியல் உலகுக்கே ஒத்த கருத்து இல்லாததால் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அமெரிக்க இயற்பியல் கழகம் 2002 நவம்பரில் தன் நெறிமுறைகளில் இணை ஆசிரியர்களின் பொறுப்பைப் பற்றிய பகுதியைச் சேர்த்தது.

நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. கட்டுரையில் நெறியாளர் பெயரும் துறைத்தலைவர் பெயரும் மரியாதைக்காகச் சேர்க்கப்படுவது பலருக்கும் தெரிந்த வழக்கம். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறி இதற்கு நேர் எதிரானது. ஆய்வில் குறிப்பிடத்தக்க பங்கு, கட்டுரை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் இருந்தால்தான் ஒருவர் ஆசிரியர். பெயர் மட்டும் தருபவர் பெருமையைப் பெறும்போது பொறுப்பும் கூடவே வருகிறது.

இமயமலைத் தொல்லுயிர் எச்சங்கள்

இந்தியாவில் இதற்கு முன்பே நடந்த ஒரு நிகழ்வும் இதே குறையைத்தான் காட்டுகிறது. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் தொல்லுயிரியல் பேராசிரியர் விஷ்வஜித் குப்தா, இமயமலையில் கண்டெடுத்ததாகச் சொன்ன தொல்லுயிர் எச்சங்களைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதியவர். 1989இல் ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டாலன்ட் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். குப்தா காட்டிய கோனோடான்ட் எனப்படும் நுண்பல் எச்சங்கள், நியூயார்க் மாநிலத்தின் ஆம்ஸ்டெல் ஓடைப் பகுதியில் கிடைக்கும் நன்கறியப்பட்ட எச்சங்களோடு பிரித்தறிய முடியாதபடி ஒத்திருக்கின்றன என்று அவர் காட்டினார்.

தொல்லுயிரியலில் ஓர் எச்சத்தின் மதிப்பில் பெரும்பகுதி அது கிடைத்த இடத்தில் இருக்கிறது. எந்த மலை, எந்தப் பாறை அடுக்கு, எவ்வளவு உயரம் என்று தெரிந்தால்தான் அந்த நிலத்தின் வயதையும் வரலாற்றையும் சொல்ல முடியும். குப்தாவின் கட்டுரைகளில் இந்த இடக்குறிப்பு தெளிவில்லாமல் இருந்தது. பல நாட்டு வல்லுநர்கள் இணை ஆசிரியர்களாக இருந்தார்கள். தம் கைக்கு வந்த எச்சத்தை அவர்கள் சரியாகவே இனங்கண்டார்கள். அது எங்கே கிடைத்தது என்பதை மட்டும் அவர் சொன்னபடி எழுதிக்கொண்டார்கள். ஷோன் வழக்கில் யாரும் பார்க்காதது அளவீடு. இங்கே யாரும் பார்க்காதது இடம். ஒரு பொய்யான இடக்குறிப்பு நில வரைபடங்களிலும் பிறர் ஆய்வுகளிலும் ஏறிவிட்டால் அதைத் துடைத்தெடுப்பது எளிதில்லை. இமயமலையின் நிலவியல் இலக்கியத்தில் எதை நம்புவது, எதை விடுவது என்று பின்வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள நேர்ந்தது.

நடுவில் உள்ள நிலம்

எல்லா வழக்கும் இப்படி வெட்டவெளிச்சமாக இருப்பதில்லை. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளி சோதனையால் அளந்த ராபர்ட் மில்லிகன், தாம் வெளியிட்ட 58 துளிகளும் தெரிந்தெடுத்தவை அல்ல, தொடர்ந்து 60 நாள்களில் சோதித்த துளிகள் அனைத்தும் அவையே என்று 1913ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதினார். 1923இல் நோபல் பரிசும் பெற்றார். அறிவியல் வரலாற்றாசிரியர் ஜெரால்டு ஹோல்டன் 1978இல் மில்லிகனின் குறிப்பேடுகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட துளிகள் அதில் இருப்பது தெரியவந்தது. துளிகளின் அருகே அழகாக வந்தது, வெளியிடலாம் என்பதுபோன்ற குறிப்புகளும் இருந்தன.

மில்லிகன் ஏமாற்றினாரா? விடப்பட்ட துளிகள் பெரும்பாலும் முழுமையாக அளக்கப்படாதவை, அவற்றைச் சேர்த்தாலும் முடிவு பெரிதாக மாறாது என்று அவருக்காக வாதிடுவோர் சொல்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகிறது. பழுதான அளவீட்டை விலக்குவது தவறன்று. விலக்கியதைச் சொல்லாமல், எல்லாம் இவையே என்று எழுதியதுதான் தவறு. இந்த விவாதத்தை அறுபத்தைந்து ஆண்டு கழித்தும் நடத்த முடிந்ததற்குக் காரணம் குறிப்பேடு அழியாமல் இருந்தது. நல்ல துளிக்கும் கெட்ட துளிக்கும் அதில் ஒரே மாதிரி இடம் இருந்தது.

இன்னொரு நோபல் அறிஞரின் செயலையும் இங்கே சொல்லலாம். 2018இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சிஸ் ஆர்னால்டு, நொதிகளைப் பற்றிச் சயின்ஸ் இதழில் 2019இல் வெளியான தம் குழுவின் கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். முடிவுகளைத் திரும்பச் செய்ய முடியவில்லை. முதல் ஆசிரியரின் குறிப்பேட்டைப் பார்த்தபோது முக்கியச் சோதனைகளுக்கு அவ்வப்போது எழுதிய பதிவுகளும் மூலத்தரவும் இல்லை. வேலைப்பளுவில் தம் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று ட்விட்டரில் அவரே வெளிப்படையாக எழுதினார். இதனால் அவர் பெயர் கெடவில்லை, பலர் பாராட்டினார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவது தண்டனை என்ற எண்ணம் மாணவர்களிடையே உள்ளது. அது திருத்தம், யார், எப்போது, எப்படிச் செய்கிறார் என்பதைப் பொறுத்தே மதிப்பும் அவமானமும் அமைகின்றன.

படங்களைத் திருத்துவதும் இந்த நடுநிலத்தில் அடிக்கடி நடக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் அவருடைய இணை ஆய்வாளர்களும் 20,621 உயிரியல் கட்டுரைகளின் படங்களைப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டனர். சுமார் 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஒரே படம் வெவ்வேறு சோதனைகளுக்குப் பயன்படுத்தப்பட்டது போன்ற குறைகள் இருந்தன. அவற்றில் பாதியளவேனும் வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறிகளைக் காட்டின. படத்தின் ஒளியை முழுப் படத்துக்கும் சீராகக் கூட்டுவது ஏற்கத்தக்கது. வேண்டாத ஒரு பட்டையை மட்டும் அழிப்பது திரித்தல். இந்த எல்லைக்கோடு தெரியாமலே பலர் அதைத் தாண்டுகிறார்கள்.

இந்திய விதிகள்

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கல்விசார் நேர்மையை வளர்ப்பதற்கும் கருத்துத்திருட்டைத் தடுப்பதற்குமான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிற எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம்வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 சதவீதம்வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60வரை என்றால் ஓராண்டு காலம் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாக மேற்கோள் காட்டிய பகுதி, நூற்பட்டியல், பொருளடக்கம், துறையின் பொதுச் சொற்கள் முதலியவை இந்தக் கணக்கில் சேரா. முனைவர் பட்ட மாணவர்கள் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் பற்றிய இரண்டு மதிப்பலகுப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்பது 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

இவ்விதிகளால் நன்மை உண்டு. ஆனால் ஒரு பக்கவிளைவும் உண்டு: ஆய்வு நேர்மை என்றாலே ஒப்புமைச் சதவீதம் என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆய்வேட்டை மென்பொருளில் போட்டு, 9 சதவீதம் வந்துவிட்டது என்று நிம்மதியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் சொற்களின் ஒப்புமையை மட்டுமே பார்க்கும். ஷோனின் கட்டுரைகளில் சொற்கள் அவருடையவையே; பொய்யாக இருந்தது எண்கள். குப்தா விஷயத்திலும் அப்படியே. தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வரிவரியாகத் தமிழாக்கித் தன் பெயரில் தந்தால், பெரும்பாலான ஒப்புமை மென்பொருள்கள் அதைப் பிடிப்பது கடினம். பிடிபடாததால் அது கருத்துத்திருட்டு இல்லை என்று ஆகிவிடாது. மொழிபெயர்த்ததை மொழிபெயர்ப்பு என்று சொல்லி, மூல ஆசிரியரின் பெயரைக் கொடுத்தால் அதே உழைப்பு மதிப்புள்ள தமிழ்ப் பணியாகிறது.

மாணவர் கைக்கொள்ளத்தக்கவை

குறிப்பேட்டுக்குத் தைத்த நோட்டே நல்லது. தனித்தாளில் எழுதினால் தாள் காணாமல் போகும், நடுவில் ஒன்றை நுழைக்கவும் முடியும். பக்கங்களுக்கு எண் இட்டு, அன்றன்றைக்குத் தேதியோடு பேனாவால் எழுத வேண்டும். தவறாக எழுதியதை ஒரு கோட்டால் அடிக்கலாம். வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. தோற்ற சோதனையையும் எழுத வேண்டும், ஏன் தோற்றதாகத் தோன்றுகிறது என்பதையும். கருவி தரும் மூலக்கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதன் நகலில்தான் கணக்குப் போட வேண்டும். ஏதாவது அளவீட்டை விலக்கினால், அதற்கான விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே வகுத்து, கட்டுரையிலும் சொல்லிவிட வேண்டும்.

முறைகேட்டைப் பார்க்க நேர்ந்த மாணவரின் நிலை இவற்றைவிடக் கடினமானது. உதவித்தொகையும் பட்டமும் பெரும்பாலும் ஒரே நெறியாளர் கையில் இருக்கும். பெல் ஆய்வக வழக்கில்கூட ஐயத்தை வெளிப்படையாக எழுப்பியவர்கள் வேறு பல்கலைக்கழகங்களில் வேலையில் இருந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய நேரத்தில் ஆளைக் குற்றம் சாட்டுவதைவிட, குறிப்பிட்ட வரைபடம், குறிப்பிட்ட தேதி என்று சான்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மூலத்தரவைக் காட்டும்படி எழுத்தில் கேட்பதே பாதுகாப்பானது. துறைசார் நேர்மைக் குழுவையும் அதற்கு மேல் நிறுவன நேர்மைக் குழுவையும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் அமைக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தம் கல்லூரியில் அவை யார் யாரைக் கொண்டவை என்பதைத் தேவை வருவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பட்டத்தைத் திரும்பப் பெற முடியுமா?

ஷோன் வழக்கு 2002இல் முடிந்துவிடவில்லை. கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் அவருடைய முனைவர் ஆய்வையும் தனியே விசாரித்தது. அதில் கவனக்குறைவுகள் இருந்தாலும் மோசடி இல்லை என்று கண்டது. ஆயினும் பெல் ஆய்வகத்தில் பின்னாளில் செய்ததைக் காரணம் காட்டி 2004இல் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. பட்டம் பெற்றவர் பிற்கால நடத்தையால் அதற்குத் தகுதியற்றவர் என்று தெரிந்தால் அதை ரத்து செய்யலாம் என்ற விதி அந்த மாநிலச் சட்டத்தில் இருந்தது. ஷோன் நீதிமன்றம் சென்றார். ஃபிரைபுர்க் நிர்வாக நீதிமன்றம் 2010இல் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் அதை மாற்றிப் பல்கலைக்கழகத்தின் முடிவே சரி என்றது. கூட்டரசு நிர்வாக நீதிமன்றம் 2013இல் அதை உறுதிசெய்தபோது, தகுதியின்மை என்ற சொல்லுக்கு ஓர் எல்லையும் வகுத்தது: பொதுவாழ்வில் செய்த குற்றங்களை அது குறிக்காது, தரவைப் புனைவது போன்று அறிவியலின் அடிப்படைக் கடமைகளை மீறும் செயல்களையே குறிக்கும். கூட்டரசு அரசியல் சாசன நீதிமன்றமும் 2014இல் ஷோனின் முறையீட்டை ஏற்க மறுத்தது. மோசடி இல்லாமல் எழுதிய ஆய்வேட்டுக்குக் கிடைத்த பட்டம், பதினேழு ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு முடிவாகப் பறிபோனது.